"செக் மாறிவிட்டது" என்ற சொல்லால் உங்களுக்கு என்ன நேர்ந்தது?

உருத்திரபுரத்தான்:

காலபோக அறுவடை முடிந்த கிழமை. நெல் விலை நாளுக்கு நாள் விழுந்துகொண்டிருந்ததால், முதலில் வந்த வியாபாரிக்கே கொடுக்க அப்பா சம்மதித்துவிட்டார். முதல் லொறியில் நாற்பது மூடை. கையில் காசு இல்லை, செக் தருகிறேன் என்றார் வியாபாரி. வியாழன் காலை அப்பா அதை வங்கியில் போட்டார். புத்தகத்திலும் பதிந்து கொடுத்தார்கள். இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா, எழுத்துத் தெளிவாக விழுந்திருந்தது. வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே "செக் மாறிவிட்டது" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் அன்றிரவு நானே நின்று இரண்டாவது லொறிக்கும் மூடை ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வங்கியிலிருந்து அழைத்தார்கள். இருவரும் போனோம். கண்ணாடியின் கீழ் இடைவெளியால் அங்கிருந்த பிள்ளை செக்கையும் ஒரு துண்டுக் கடதாசியையும் தள்ளினார். ஆங்கிலத்தில் ஒரு வரி. செக் எழுதியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அப்பா அதைக் கையில் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மாறிய செக் எப்படிப் பிள்ளை திரும்பி வரும்?" என்று கேட்டார். உரத்துக் கேட்கவில்லை. ஆனாலும் வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது மாறவில்லை ஐயா, போட்டது மட்டும்தான்" என்றார் அந்தப் பிள்ளை.

போட்டதற்கும் மாறியதற்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது என்பதை அறுபத்தெட்டு வயதில், அத்தனை பேர் முன்னிலையில் அப்பா தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

புதுக்குடியிருப்புத் தையல்காரி:

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அம்மாவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து இழப்பீட்டுச் செக் தபாலில் வந்தது. முப்பத்தைந்தாயிரம் ரூபா. நான் அப்போது வவுனியாவில் வேலை பார்த்தேன். செக்கின் இடது மேல் மூலையில் சரிவாக இரண்டு கோடுகள் இருந்தன. அம்மா படித்த காலத்தில் பிழையான கணக்கை ஆசிரியர் அப்படித்தான் இரண்டு கோடு கீறி வெட்டுவாராம். வெட்டிய செக்கை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தபோதும் அவர் இடுப்பில் கட்டிக் கொண்டுவந்த பொலித்தீன் பை ஒன்று இருக்கிறது. பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதி, அப்பாவின் படம் எல்லாம் அதில்தான். எட்டு மாதம் கழித்து வேறெதையோ தேடி அந்தப் பையைத் திறந்தபோது செக் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஏன் அம்மா வங்கிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். "தரமாட்டோம் என்பதை இப்படி மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றார்.

ஆறு மாதம் தாண்டிய செக்கை வங்கி ஏற்காது என்று அதன் பிறகுதான் அறிந்தேன். எனக்கு அந்தப் பணத்தைவிட அம்மா எட்டு மாதம் மனதில் சுமந்த அவமானம்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வவுனியா:

உருத்திரபுரத் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். மாறியதா இல்லையா என்று உறுதி செய்யாமல் இரண்டாவது லொறியை அனுப்பியது தவறு. புத்தகத்தில் பதிந்த தொகை எல்லாம் எடுக்கக்கூடிய தொகை அல்ல.

எங்கள் சனங்கள் "மாற்றுதல்" என்ற ஒரே சொல்லால் மூன்று காரியங்களைச் சொல்கிறார்கள். காசோலையைக் கொடுத்து அந்த இடத்திலேயே பணம் வாங்குவது காசாக்குதல். கணக்கில் போடுவது வைப்பிலிடுதல். எழுதியவருடைய வங்கி சரி பார்த்துப் பணத்தை விடுவது தீர்வு. மூன்றாவது நடந்த பிறகுதான் பணம் உங்களுடையது. 2006 முதல் நம் நாட்டில் காசோலைக் கடதாசி வங்கிக்கு வங்கி பயணம் செய்வதில்லை. அதன் படம்தான் கணினி வழியாகப் போகிறது. வேறு வங்கியின் காசோலையானாலும் அடுத்த வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும். ஆகவே கவுண்டரில் "மாறிவிட்டதா" என்று கேட்காதீர்கள். "இந்தப் பணத்தை இப்போது எடுக்கலாமா" என்று கேளுங்கள். அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு.

புதுக்குடியிருப்புத் தங்கைக்கு: அந்த இரண்டு கோடு பாதுகாப்புக்காகப் போடப்படுவது. குறுக்குக் கோடிட்ட காசோலைக்குக் கவுண்டரில் பணம் கொடுக்க முடியாது, வங்கிக் கணக்கு ஒன்றின் வழியாகத்தான் பெற முடியும். தபாலில் களவு போனாலும் யாருடைய கணக்கில் விழுந்தது என்று கண்டுபிடிக்கலாம். கொடுத்த அலுவலகத்திடம் பழைய காசோலையைக் காட்டிப் புதியது கேளுங்கள். காலம் கடந்தது காசோலைக்குத்தான், உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கல்ல.

இலக்கத்தில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது 1927ஆம் ஆண்டின் உண்டியல் கட்டளைச் சட்டம். நடைமுறையில் வங்கிகள் அப்படிப்பட்டதைத் திருப்பிவிடுவதுதான் வழக்கம். வாங்கும்போதே இரண்டையும் வாசித்துப் பாருங்கள். திகதியையும் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அங்கேயே திருப்பிக் கொடுத்து வேறு எழுதுவியுங்கள். கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றம். எனவே திரும்பி வந்த காசோலையையும் அந்தத் துண்டையும் ஒருபோதும் எழுதியவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

என் அனுபவத்தையும் எழுதுகிறேன். சேவையில் இருந்தபோது ஓர் இளைஞன் வந்தான், கட்டட வேலை எடுத்துச் செய்பவன். "ஐயா, நான் கொடுத்த செக்கை இரண்டு நாள் நிறுத்துங்கள்" என்றான். நிறுத்து என்றால் எங்கள் மேசையில் ஒரே பொருள்தான், கொடுப்பனவை நிறுத்துவது. படிவத்தைக் கொடுத்தேன், ஒப்பமிட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது இரண்டு நாள் தாமதம் மட்டுமே. அப்படித் தாமதிக்க வங்கியால் முடியாது. காசோலையை வாங்கியவர்தான் சொன்னால் கேட்டுப் பிந்திப் போட வேண்டும். அதை நான் ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை காலை அவன் பணத்தைப் பையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "காசு இருக்கிறதே ஐயா, பிறகேன் திருப்பினீர்கள்?" என்றான். அதற்குள் சீமெந்துக் கடைக்காரர் அவனுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். படிவத்தில் அவனுடைய கையெழுத்து இருந்தபடியால் என்மீது ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் பையைத் திறந்து காட்டிய அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மல்லாவியான்:

வவுனியா ஐயா, உங்கள் கடைசிப் பந்தியே உங்கள் முதல் பந்திக்குப் பதில் சொல்கிறது. உருத்திரபுரத்து அப்பாவின் தவறு என்று ஏன் தொடங்கினீர்கள்? வரைந்தவர், பெறுநர், கொடுப்பனவு, மீளப்பெறல் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் சொற்களை வயலில் நிற்கும் ஒருவர் எங்கே கேட்டிருப்பார்? என் பெரியப்பாவுக்கு ஒரு செக் திரும்பியபோது, "வரைந்தவரிடம் காட்டவும்" என்று ஒருவர் தமிழாக்கிச் சொன்னார். செக்கை அச்சடித்து வரைந்தவர் கொழும்பில் அல்லவா இருப்பார், அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று பெரியப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். எழுதியவர் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே துணுக்காய்க்குப் போய் ஆளைப் பிடித்திருப்பார்.

பெரியப்பா இன்றும் வங்கியை வைப்பகம் என்றுதான் சொல்வார். 1994இல் விடுதலைப் புலிகளின் வங்கியான தமிழீழ வைப்பகம் தொடங்கிய பிறகு இங்கே புழங்கிய சொல் அது. அரசியலை விடுங்கள், சொல்லை மட்டும் பாருங்கள். வைக்கிற இடம் வைப்பகம். யாரும் விளக்கம் கேட்கவில்லை. சனங்கள் பிழையாகப் பேசுகிறார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அவர்களுக்கு விளங்கும் சொல்லை யாரும் கொடுக்கவில்லை.

முள்ளியவளைப் பேத்தி:

செக்கே இல்லாத இடத்திலும் செக் என்று சொல்வதைப் பற்றி நான் எழுத வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா என்று, வேலை நடந்த அளவுக்குக் கட்டம் கட்டமாகப் பயனாளிகளின் வங்கிக் கணக்குகளுக்கே பணம் வந்தது. கடதாசி ஒன்றும் கையில் வருவதில்லை. ஆனால் ஊரில் எல்லோரும் "செக் விழுந்துவிட்டதா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

அம்மம்மா தனியாக இருந்தார். அத்திவாரம் முடிந்து அடுத்த கட்டத்துக்குக் காத்திருந்தார். அயலில் உள்ளவர்கள் "உனக்கும் செக் விழுந்திருக்கும்" என்று சொன்னதைக் கேட்டு, ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குப் படலையடியில் கதிரை போட்டுத் தபால்காரருக்காக இருந்தார். ஐப்பசி மழை தொடங்கி அத்திவாரத்துக்குள் தண்ணீர் நின்றது. நான் விடுமுறைக்குப் போன அன்று அவர் குடையோடு படலையில்தான் இருந்தார். மறுநாள் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பதிந்து பார்த்தோம். பணம் வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வங்கியை விட்டு வெளியே வந்தபின் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்படியென்றால் அந்தத் தபால்காரப் பொடியன் ஒளிக்கவில்லையா?" ஒன்றரை மாதமாக அவனைச் சந்தேகித்துத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் விட்டிருக்கிறார். அடுத்த நாள் அவனை மறித்து வைத்துத் தேநீர் கொடுத்தார்.

பரந்தன் உரக்கடை:

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். இங்கே "செக் தருகிறேன்" என்றால் இன்று தருகிறேன் என்ற பொருள் இல்லை. அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்று பொருள். "திகதி போட்ட செக்" என்பார்கள். திகதி இல்லாத செக் ஏது? அவர்கள் சொல்வது பிற்திகதியிட்டதை, அதாவது வரப்போகும் நாளைப் போட்டதை. முப்பது நாள் செக், அறுபது நாள் செக் என்று மேசை இலாச்சியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஒருமுறை என் கடைப் பையன் "திகதி போட்டிருக்கிறது அண்ணை" என்று ஒரு செக்கைக் கையில் தந்தான். நல்லது, இன்றைய திகதி என்று நினைத்து நானும் மற்றவற்றோடு சேர்த்து வங்கியில் கொடுத்துவிட்டேன். அது அடுத்த மாதத்துக்கு உரியது. திரும்பி வந்துவிட்டது. எழுதியவர் அக்கராயனில் பெரிய கமக்காரர், ஒரு நாளும் என்னிடம் வாக்குத் தவறாதவர். கடை வாசலில் நின்று, "என்னில் நம்பிக்கை இல்லை என்றால் நேரே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய உரக் கணக்கு இப்போது வேறு கடையில் இருக்கிறது.

மல்லாவித் தம்பி, விளங்கும் சொல் என்கிறீர்கள். எங்களுக்குள் விளங்கும் சொல்தான் எனக்கு இந்த இழப்பைத் தந்தது. வவுனியா ஐயா சொல்வது போலச் செக்கையே எடுத்துத் திகதியை வாசிக்க வேண்டும். இப்போது வாங்கும்போதே உறையில் திகதியைப் பெரிதாக எழுதி, மாத வாரியாகப் பிரித்து வைக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படிச் செய்யுங்கள்.

உருத்திரபுரத்தான்:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. மல்லாவி அண்ணை அப்பாவுக்காகப் பேசியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வவுனியா ஐயா, இரண்டாவது லொறியை அனுப்பியது நான், அப்பா அல்ல. அதை ஏற்றுக்கொள்கிறேன். வியாபாரி இதுவரை மூன்று தடவையாக ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கொடுத்திருக்கிறார். செக்கும் துண்டும் எங்களிடம்தான் இருக்கின்றன, தெரியாமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். போன கிழமை மாட்டை விற்ற செக்கைப் போடப் போனபோது அப்பா, "இதை எப்போது எடுக்கலாம் பிள்ளை?" என்று கேட்டார். "நாளை பிற்பகல் ஐயா" என்றார் அதே பிள்ளை. மறுநாள் மூன்று மணிக்குப் போய் நின்றோம்.

புதுக்குடியிருப்புத் தையல்காரி:

ஐயா சொன்னபடி பழைய செக்கோடு அந்த அலுவலகத்துக்குப் போனோம். பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இரண்டு கிழமையில் புதியது தந்தார்கள். வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று அம்மா அதை விரித்துப் பார்த்தார். மூலையில் இருந்த இரண்டு கோடுகளையும் விரலால் தடவி, "இதிலும் போட்டிருக்கிறார்கள்" என்றார். ஓம் அம்மா என்றேன். பையில் வைக்க வேண்டாம், நேரே வங்கிக்குப் போவோம் என்று அவரே முன்னால் நடந்தார்.