புதுப்பிப்பு: குன்னூரிலிருந்து கிரேடிங்குக்கு அனுப்பிய போக்கிமான் கார்டுகள்

உதவிய எல்லோருக்கும் நன்றி. 1999 பேஸ் செட் (ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுப்பு) ஹோலோ கார்டுகளில், அதாவது படம் மினுமினுக்கும் கார்டுகளில், எதை பிஎஸ்ஏவுக்கு அனுப்பலாம் என்று கேட்டிருந்தேன். கார்டு எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்று பார்த்து 10 வரை மதிப்பெண் (கிரேடு) போடும் அமெரிக்க நிறுவனம் அது. முடிவு வந்துவிட்டது.

கை கொடுத்தது, "10 வரும் என்று கணக்குப் போடாதீர்கள், 8 வந்தாலும் கட்டணம் போக ஏதாவது மிஞ்சுமா பாருங்கள்" என்ற யோசனைதான். அதிலேயே பாதி கார்டுகள் கழிந்தன. மீதியை இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் பளபளவென்று இருந்த வீனசார் கார்டில் முடி முடியாகக் கீறல். அது வீட்டிலேயே இருக்கட்டும். பின்பக்க நீல ஓரம் வெளுத்தவையும் அப்படித்தான். போனவற்றில் பிளாஸ்டாய்ஸ் 8, சாரிசார்ட் 7. சாரிசார்டுக்கு 7 வந்தாலும் நஷ்டமில்லை.

எதிர்பாராதது நம்ம ஊர் ஈரம். கார்டின் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, மேலே உள்ள ஹோலோ படலம் விரிவதில்லை, அதனால் வளைந்துவிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்ததும் பெரும்பாலும் நிமிர்ந்தன. ரொம்ப உலர்ந்தால் எதிர்ப்பக்கம் வளையும், அடிக்கடி திறந்து பாருங்கள். மலையில் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பேக் செய்வது நல்லது.