176: மாத்திரையா, மூணு மாச நடையா?

மாட்டுங்காவிலிருந்து, 46 வயசு

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பஞ்சாயத்து. மொத்தக் கொலஸ்ட்ரால் 262, ட்ரைகிளிசரைட் என்கிற ரத்தக் கொழுப்பு 240, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் 38, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 176. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இல்லை. உடம்புக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் மும்பையில் தாதர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் யாருக்குத்தான் வாங்கவில்லை?

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கும் எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். "சார், மூணு மாசம் டைம் குடுங்க, சாப்பாட்டுலயும் நடையிலயும் பாத்துக்கறேன்" என்றேன். பேனாவை மூடினார். "சரி. அக்டோபர்ல வந்து, நடுவுல கணபதி வந்துடுச்சு, மோதகம் சாப்பிட்டேன்னு கதை சொல்லக் கூடாது."

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ரெண்டு ஃபில்டர் காபி. பதினோரு மணிக்கு ஆபீஸ் வாசலில் வடா பாவ். மதியம் வீட்டு டப்பா, அதில் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் ரயில் ஏறும் முன் ஒரு பொட்டலம் ஃபர்சாண், நம்ம ஊர் மிக்சர் மாதிரி. ராத்திரி ஒன்பதரைக்குத் தட்டு நிறையச் சோறு. ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஹோட்டலில் வரிசையில் நின்று நெய்ப்பொடி இட்லி.

மாத்திரை இல்லாமலே குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்கள், அதுதான் பயம்.


நெருளிலிருந்து, மருந்துக்கடை வைத்திருப்பவர்

22 வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். இந்தக் கேள்வி வாரத்துக்கு நாலு தடவை வரும்.

ஆயுசுக்கும் விட முடியாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். விடலாம் சார். கை நடுங்காது, தூக்கம் கெடாது, அடிமைப்படுத்துகிற மருந்து இல்லை. விட்ட சில வாரத்தில் எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிற மாதிரி.

உங்கள் எல்டிஎல்லைப் பெரும்பாலும் லேபில் அளந்திருக்க மாட்டார்கள், கணக்குப் போட்டிருப்பார்கள். 262-இல் 38 போகட்டும். 240-ஐ அஞ்சால் வகுத்தால் 48, அதுவும் போகட்டும். மிச்சம் 176, சரியா? 1972-இல் வந்த சூத்திரம். ட்ரைகிளிசரைட் 400-ஐத் தாண்டிவிட்டால் இது செல்லாது, எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்ன ஃபர்சாண், பாவ், ராத்திரிச் சோறு எல்லாம் சேர்ந்து ஏற்றி வைத்திருப்பது முக்கியமாக அந்த 240-ஐ. அது நடைக்கும் வாய்க்கட்டுக்கும் சட்டென்று மசியும். எல்டிஎல் அப்படி இல்லை. உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை ஈரலே தயாரிக்கிறது, தட்டிலிருந்து வருவது அதற்கு அடுத்துதான். ஒழுங்காகப் பத்தியம் இருந்தால் எல்டிஎல் 10, 15 சதவீதம் இறங்கும். டாக்டர்கள் கொலஸ்ட்ராலுக்கு எழுதும் ஸ்டாட்டின் மாத்திரை, நடுத்தர டோஸில், 30-இலிருந்து 50 சதவீதம் வரை இறக்கும். டோஸை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள், கூடுதலாக ஒரு 6 சதவீதம் கிடைக்கும்.

மூணு மாசம் முயற்சி பண்ணுங்கள், தப்பே இல்லை. எந்த எண்ணில் பலன் தெரியும், எதில் தெரியாது என்று தெரிந்து பண்ணினால் அக்டோபரில் மனசு உடையாது.


செம்பூரிலிருந்து, 51 வயசு

நான் குறைச்சேன், கொலஸ்ட்ரால் மாத்திரை இல்லாமலே. ஆனா கதையைக் கேட்டுட்டு என்னைப் பின்பத்தாதீங்க.

எனக்கு எல்டிஎல் 190. ஒரு வருஷமா ஓயாத அசதி. தலை வாரினா சீப்பு முழுக்க முடி. ஏப்ரல் மாசத்து பம்பாய்ப் புழுக்கத்துல நான் மட்டும் ஃபேனை நிறுத்துன்னு சொல்லுவேன். "அண்ணி, உங்களுக்கு வயசாகுது, அதான்"னு என் நாத்தனார் ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. நானும் ஓட்ஸ் கஞ்சி, கொள்ளு ரசம், வெறும் வயித்துல பூண்டுன்னு ஆறு மாசம் ஆடித் தீர்த்தேன். 190, 186 ஆச்சு. பூண்டு நாத்தத்துல வீட்டுக்காரர் ஹாலுக்குப் படுக்கப் போனதுதான் மிச்சம்.

சேடா நகர் முருகன் கோயில்ல பார்த்த ஒரு டாக்டரம்மா, தெரிஞ்சவங்க, என் முகத்தைப் பார்த்துட்டு, "கண்ணுக்குக் கீழ வீங்கியிருக்கே, தைராய்டு பாத்தியா?"ன்னு கேட்டாங்க. பார்த்தா, தைராய்டு மந்தமானா ஏறுற டிஎஸ்எச் 14. தைராய்டு மந்தமானா ஈரல் கொலஸ்ட்ராலை ரத்தத்துலேர்ந்து இழுக்கிறதும் மந்தமாயிடுமாம். காலையில வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை, அது போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. நாலு மாசத்துல எல்டிஎல் 138. அதுக்குன்னு தனியா எதுவும் சாப்பிடலை.

கொலஸ்ட்ரால் மாத்திரைச் சீட்டு வாங்குறதுக்கு முன்னாடி தைராய்டு பாருங்க. பொம்பளைங்க, அதுவும் மாதவிடாய் நிக்கிற வயசுல இருக்கிறவங்க, கண்டிப்பா. அந்த வயசுல எல்டிஎல் தானாவே கொஞ்சம் ஏறும்.


காந்திவலியிலிருந்து, சொந்த ஊர் நாகர்கோவில்

எங்க தாத்தா 92 வயசு வரைக்கும் தேங்காயெண்ணெய்லதான் எல்லாமே. மாத்திரைன்னா என்னன்னே தெரியாது. இப்ப ஆளாளுக்கு எண்ணெயைக் குத்தம் சொல்றாங்க.


நெருளிலிருந்து, மருந்துக்கடை வைத்திருப்பவர்

தாத்தா வயலுக்கு நடந்து போய் வந்தார், நீங்கள் காந்திவலியிலிருந்து சர்ச்கேட் ஃபாஸ்ட்டில் நின்றுகொண்டு போகிறீர்கள். தேங்காயெண்ணெயில் 90 சதவீதம் போல நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்), கடலை எண்ணெயில் அதில் கால்பங்குகூட இல்லை. அவியலுக்கு மேலே ஒரு ஸ்பூன் விடுவதை யாரும் தடுக்கவில்லை. அப்பளம் பொரிக்கிற சட்டியிலும் அதுவேதான் என்றால் எல்டிஎல் ஏறும்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்ட கடலை எண்ணெய் பாக்கெட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருந்ததில்லை. 'மீன் முள் இல்லாத கத்தரிக்காய்' என்று விற்பது போலத்தான் அது.


முலுண்டிலிருந்து, ரயில்வே ஓய்வு

என் தவறைப் பதிவு செய்துவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

2016-இல் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டார்வாஸ்டாட்டின் 40 கொடுத்தார்கள். மூன்று வருடம் தவறாமல் போட்டேன். தொடையில் வலி இருந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில் வாட்ஸப்பில் ஒன்று வந்தது: 'கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை.' அனுப்பியவர் என்னோடு குர்லா கார்ஷெட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், பொய் சொல்கிற ஆள் இல்லை. எல்டிஎல் அப்போது 62. சரியாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயத்துக்கு மாறினேன். 62-ஆக இருந்ததே மாத்திரையால்தான் என்பது அன்றைக்குப் புத்தியில் ஏறவில்லை.

எட்டு மாதம். ஒருநாள் விடியற்காலையில் பால் வாங்கப் போன இடத்தில் தாடையில் வலி. நெஞ்சில் வலி கிடையாது, தாடையில். பல் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். சட்டை நனைந்திருந்ததைப் பார்த்து மருமகள்தான் ஆட்டோ பிடித்தாள். இரண்டாவது ஸ்டென்ட். எல்டிஎல் 148. மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்தது என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 'ஏன் நிறுத்தினீர்கள்' என்று கேட்டபோது எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மறுபடி ஆரம்பித்ததும் தொடை வலியும் திரும்பி வந்தது. அது நிஜமா, என் பயமா?


நெருளிலிருந்து, மருந்துக்கடை வைத்திருப்பவர்

ஐயா, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள், சாம்சன் என்று பேர். 2020-இல் முடிவு வந்தது. வலி தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேர். ஆளுக்கு 12 மாசம். நாலு மாசம் நிஜ மாத்திரை, நாலு மாசம் வெற்று மாத்திரை, நாலு மாசம் காலி டப்பா. எந்த மாசம் எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வலியைத் தினமும் போனில் பதிய வேண்டும். காலி டப்பா மாசத்தில் வலி குறைவு. வெற்று மாத்திரையிலும் நிஜ மாத்திரையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வலி. மருந்தால் வந்தது என்று நினைத்த தொந்தரவில் 90 சதவீதம், மருந்தே இல்லாத மாத்திரையிலும் வந்தது.

வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அந்த 60 பேருக்கும் நிஜமாகவே வலித்தது. சிலருக்கு மருந்தாலேயே தசை பாதிக்கும், சிறுநீர் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனையை நீங்கள் கேளுங்கள். மருந்தை மாற்றலாம், டோஸைக் குறைத்து, ஸ்டாட்டின் அல்லாத இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்தான எஸட்டிமைப் சேர்க்கலாம். வழி இருக்கிறது. நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. 'இயற்கை' என்று சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூலை ஆன்லைனில் வாங்கிவந்து என்னிடமே காட்டுகிறார்கள். அதில் இருக்கும் மோனகோலின் கே-யும் லோவாஸ்டாட்டின் மாத்திரையும் ஒரே பொருள். ஸ்டாட்டின் குடும்பமே பூஞ்சையிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் அகிரா எண்டோ 1970-களில் பென்சிலியத்தில் முதலில் கண்டுபிடித்தார். இயற்கை வேண்டுமென்றால் மாத்திரையிலும் இயற்கை இருக்கிறது, அதோடு எத்தனை மில்லிகிராம் என்றும் அட்டையில் எழுதியிருக்கும்.


தாராவி 90 அடி ரோட்டிலிருந்து, 33 வயசு

எல்லாரும் தொப்பை உள்ளவங்க கதையாச் சொல்றீக. நான் 54 கிலோ. தையல் யூனிட் வச்சிருக்கேன். எண்ணெய்ப் பலகாரம் வருசத்துக்கு ரெண்டு நாள், அதுவும் ஊர்க் கோயில் கொடைக்குப் போனாத்தான். எங்க அண்ணன் 38 வயசுல மிஷின்ல உக்காந்தபடியே போயிட்டான். அவனும் என்னை மாதிரி ஒல்லிதான்.

அண்ணன் காரியம் முடிஞ்சதும் எங்க அம்மா கட்டாயப்படுத்தி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புச்சு. அந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பாக்குறதுக்கு முன்னால "செருப்பைக் கழட்டு"ன்னாரு. குதிகாலுக்கு மேல இருக்கிற நரம்பை ரெண்டு விரலால பிடிச்சு மேலயும் கீழயும் தடவுனாரு. அதுல பட்டாணி மாதிரி ஒரு முடிச்சு. செருப்பு வார் உரசி காய்ச்சதுன்னு பத்து வருசமா நினைச்சிட்டிருந்தேன். "இது கொலஸ்ட்ரால்டா தம்பி"ன்னாரு. எல்டிஎல் 248. பரம்பரையா வாரது, சுமாரா 250 பேருக்கு ஒருத்தருக்கு இருக்குமாம். ரத்தத்துலேர்ந்து கொலஸ்ட்ராலை இழுக்கிற கொக்கி ஈரல்ல பாதிதான் இருக்குன்னு படம் போட்டுக் காட்டுனாரு. நடையா நடந்தாலும் பட்டினி கிடந்தாலும் இது இறங்காதுன்னு அன்னைக்கே சொல்லிட்டாரு.

ரோசுவாஸ்டாட்டின் 20, கூட எஸட்டிமைப். இப்ப 95. பிள்ளைகளுக்கும் பாக்கணும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னாரு. மக தப்பிச்சா. ஒம்பது வயசுப் பையனுக்கு இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவனும் நானும் சேந்துதான் மாத்திரை போடுதோம். அண்ணனோட பிள்ளைகளுக்குப் பாக்க மதினி இன்னும் ஒத்துக்கல. அதுதான் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

மாட்டுங்கா அண்ணே, நீங்க சாப்பாட்டை எல்லாம் எழுதுனீக. உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு எழுதலயே?


மாட்டுங்காவிலிருந்து, 46 வயசு

தம்பி, அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ரெண்டு மாசம் ஆனது. மன்னிக்கணும்.

அக்டோபர் ரிப்போர்ட் வந்துவிட்டது. மூணு மாசமும் ஏமாற்றவில்லை. காலையில் ஃபைவ் கார்டன்ஸில் 45 நிமிஷம் நடை. வடா பாவ் நின்றது, ஃபர்சாணுக்குப் பதில் வறுத்த கடலை. ராத்திரிச் சோறு பாதியாகி, அந்த இடத்தில் பயறு, காய். மோதகம் ரெண்டே ரெண்டு, சத்தியமாக. காபிகூட இப்போது ஒன்றுதான். கொதிக்க வைக்கிற காபியில் இருக்கும் கஃபெஸ்டால் எல்டிஎல்லை ஏற்றும், காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்ததும் மனைவி காகிதத்தில் இறக்கிக் கொடுத்துப் பார்த்தாள். அதைக் காபி என்று சொல்ல மனசு வரவில்லை. பழைய எவர்சில்வர் ஃபில்டருக்கே திரும்பி, டம்ளரைக் குறைத்துக்கொண்டேன்.

எடை நாலரை கிலோ குறைந்தது. ட்ரைகிளிசரைட் 240-இலிருந்து 150. எச்டிஎல் 41. எல்டிஎல் 158. நெருள் சார் சொன்ன பத்து சதவீதம், எழுதி வைத்த மாதிரி.

டாக்டர் கைகொடுத்தார். அப்புறம் தம்பி கேட்டதையே கேட்டார். அப்பா 54 வயதில் கும்பகோணத்தில் பஸ் ஸ்டாண்டில் விழுந்து இறந்தார். 'வெயில் தாங்கவில்லை' என்றுதான் வீட்டில் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறோம். ஃபைலில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் நானே 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தேன். டாக்டர் அதை அடித்துவிட்டு மேலே எழுதினார். பரம்பரையாக வரும் இன்னொரு வகைக் கொலஸ்ட்ரால் துகளான லிப்போபுரோட்டீன் ஏ பார்க்கச் சொன்னார், அது வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதுமாம், இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறதாம். 50-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 84. இது நடைக்கும் பத்தியத்துக்கும் அசையாத சாமான், ஸ்டாட்டினுக்கும் இறங்காது. அதனால் இறக்க முடிகிற எல்டிஎல்லையாவது நன்றாக இறக்கிவிட வேண்டும் என்றார். பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை நான் டைம் கேட்கவில்லை.

ரோசுவாஸ்டாட்டின் 10 ஆரம்பித்து ஆறு வாரம். எல்டிஎல் 88. நடையை விடவில்லை, விட்டால் அந்த 240 திரும்ப வரும். செம்பூர் அக்கா சொன்னதற்காகத் தைராய்டும் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

என் தம்பி திருச்சியில் இருக்கிறான், 41 வயசு. அப்பா விஷயத்தைச் சொல்லி டெஸ்ட் எடுடா என்றேன். "தீபாவளி போகட்டும்ணா" என்றான். தீபாவளி போய்விட்டது. நேற்று மறுபடி போன் பண்ணினேன், பொங்கல் என்கிறான்.