இரண்டேகால் வயது மகன் ஏழெட்டுச் சொற்களே பேசுகிறான்: வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டுமா?

பெரம்பூர் வாசி:
எங்கள் மகனுக்கு இரண்டேகால் வயதாகிறது. அம்மா, தண்ணி, பூவா என ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் வரவில்லை. இரண்டு சொற்களைச் சேர்த்து அவன் பேசியதே இல்லை. ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார் மாமியார். வீட்டிலும் ஆங்கிலம் மட்டுமே பேசச் சொல்கிறார்கள் அவன் போகும் ப்ளே ஸ்கூலில். டிவி சத்தம் கேட்டால் ஓடி வருகிறான் என்பதால் காதில் குறையிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. மூன்று வயது வரை பொறுத்துப் பார்க்கலாமா?

ஸ்பீச் தெரபிஸ்ட், அடையாறு:
பொறுக்க வேண்டாம். இரண்டு வயது முடிந்தும் குழந்தை தானாக இரு சொற்களைச் சேர்க்கவில்லை என்றால் பரிசோதனைக்கு அதுவே போதுமான காரணம். ஆண்பிள்ளைகள் சற்றுப் பிந்துவது உண்டுதான், ஆனால் அந்த வேறுபாடு இவ்வளவு பெரிதன்று.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். டிவிக்கு ஓடி வருவதை வைத்துக் கேட்கும் திறனை முடிவு செய்ய முடியாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கி, உரத்த ஒலிகள் கேட்டாலும் பேச்சின் மெல்லிய ஒலிகள் மங்கிப்போவதுண்டு. தேவைப்பட்டால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் எப்படி மறுமொழி தருகின்றன என்று அளக்கும் பெரா (BERA) சோதனையும் செய்வார்கள். குழந்தை தூங்கும்போது எடுப்பது, வலி இருக்காது.

தமிழை நிறுத்தவே கூடாது. இரு மொழிகள் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. பெற்றோர் தமக்குச் சரளமில்லாத மொழிக்கு மாறும்போது பேச்சு குட்டையாகி, கட்டளைகளாகச் சுருங்கிவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வீட்டில், “சொல்லு, சொல்லு” என்று வற்புறுத்தாமல், அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள். அவன் “பந்து” என்றால் நீங்கள் “பந்து உருளுது” என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். இட்லியா தோசையா என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கும் வரை பேசாமல் காத்திருங்கள். பாட்டிகளுக்கு இது கடினம், ஏனென்றால் குழந்தை கை நீட்டுமுன்பே தட்டு வந்துவிடும்!

பெரம்பூர் வாசி:
மிக்க நன்றி. சளித் தொல்லை அவனுக்கு உண்டு. நாக்கின் அடியில் ஒட்டியிருப்பதை வெட்டினால் பேசுவான் என்று உறவினர் ஒருவர் சொல்கிறாரே?

ஸ்பீச் தெரபிஸ்ட், அடையாறு:
நாக்கு அடியில் ஒட்டியிருப்பதால் சில ஒலிகளின் உச்சரிப்பு பாதிக்கப்படலாம். சொற்களே வராமலிருப்பதற்கு அது காரணமன்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள், அது மிகவும் பயன்படும்.

முட்டுக்காடு பக்கத்து அம்மா:
செலவை எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்கு அருகில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் பேச்சு, செவித்திறன் இரண்டுக்கும் பிரிவுகள் உண்டு. என் மகள் அங்குதான் பயிற்சி பெற்றாள். தனியாரிடம் போனால் அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். வாரம் ஒரு மணி நேரப் பயிற்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் பலன் குறைவு. உள்ளே உடன் உட்கார அனுமதிக்கும் இடமாகப் பாருங்கள், அப்போதுதான் அவர்கள் செய்வதை வீட்டில் தொடர முடியும்.