ஜூலிக்கு இந்த முறை சோடி போடுறதா?

குழு: கல்லடி வீடு (மட்டக்களப்பு)

ஞாயிறு, காலை 8:12

செங்கலடி அத்தான்: எல்லாருக்கும் காலை வணக்கம். ஒரு முக்கியமான கதை. எங்கட லெப்ரடோர் நாய் ஜூலி திரும்பவும் ஹீட்டுக்கு, அதான் சோடி சேருற பருவத்துக்கு, வந்திட்டாம், மாமி நேத்துச் சொன்னா. எண்ட கூட்டாளி ஒருத்தர்ட்ட சாதிப் பேப்பர் உள்ள லெப்ரடோர் கடுவன் நாய் இரிக்கு. மூண்டு வயசு, நல்ல மண்டை, நல்ல நிறம். அவரும் ஓம் எண்டிட்டார். இந்த முறை விட்டுப் பார்ப்பம் எண்டு நினைக்கிறன்.

அக்கா: ஒரே வீட்டுல இரிக்கிறம். எனக்கே இப்பதான் தெரியும் 🙄

பெரியண்ணன்: ஜூலிக்கு இப்ப என்ன வயசு?

கத்தார் தம்பி: 2018 தைப்பொங்கலுக்கு நான் கொண்டு வரக்குள்ள ரெண்டு மாசக் குட்டி.

நான்: அப்ப வாற நவம்பரோட எட்டு முடியுது.

செங்கலடி அத்தான்: எட்டெல்லாம் ஒரு வயசா மச்சான்? ஆளைப் பாருங்க, மினுமினுத்துக்கொண்டு திரியிறா. முந்தநாள் மதில் பாயப் பார்த்தவ.

அக்கா: மதில் பாயப் பார்த்தது வெள்ளையனுக்காக. அவன் இப்ப ரெண்டு நாளா கேற்றடியிலதான் படுக்கை.

செங்கலடி அத்தான்: அதைத்தானே நானும் சொல்லுறன். றோட்டு நாயோட போய் வாறதுக்கு, நல்ல சாதியோட விட்டா என்ன?

அம்மா: 🎤 குரல் பதிவு (1:47)

நான்: அம்மா, நான் சந்தைக்குள்ள நிக்கிறன். ஒண்டும் கேட்கல்ல.

பெரியண்ணன்: எனக்கும் ஏலா. ஆராவது எழுதிப் போடுங்க.

அக்கா: அம்மா சொல்லுறா: பெட்டையாப் பிறந்தா ஒருக்காவாவது குட்டி போடணுமாம், இல்லாட்டி கடைசிக் காலத்துல வயித்துல கட்டி வருமாம். இன்னும் முந்தின மாதிரியே ரத்தம் படுது, நிண்டு போகல்ல, அப்ப குட்டி தங்கும்தானே எண்டு கேக்கிறா. மற்றது ஜூலிட குட்டி ஒண்டு வீட்டுல இரிந்தா நல்லமாம். அதுக்குப் பிறகு அரை நிமிசம் பின் வீட்டுத் தேங்காய்ப் பிரச்சினை.

லண்டன் சின்னம்மா: இங்க எல்லாரும் நித்திரை. நான் மட்டும் தேங்காய்ப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டு இரிக்கிறன் 😂

பெரியண்ணன்: எங்கட டொக்டரம்மா எங்க? பேராதனையில மிருக வைத்தியம் படிப்பிச்சு என்ன பிரயோசனம், ஒரு நாய்க்குப் பதில் சொல்லாட்டி?

காலை 9:40

மருமகள்: மன்னிக்கணும் பெரிய மாமா, வார்ட்டுல நிண்டன். எல்லாத்தையும் இப்பதான் வாசிச்சன். அப்பா, நீங்க இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாம்.

செங்கலடி அத்தான்: சொன்னா நீ வேணாம் எண்டு சொல்லுவாய் எண்டு தெரியும் மகள்.

மருமகள்: 😐

மருமகள்: அம்மம்மாட கேள்விக்கு முதல்ல வாறன். நாய்க்கு மனுசருக்குப் போல நிண்டு போறது எண்டு ஒண்டு இல்ல. பதினாலு வயசுலயும் ஹீட்டுக்கு வரும். வயசு போகப் போக இடைவெளி கூடும், அவ்வளவுதான். அதால ரத்தம் படுறதை வச்சு உடம்பு குட்டி சுமக்கத் தயார் எண்டு சொல்ல ஏலா.

மருமகள்: ஒருக்காக் குட்டி போட்டா கட்டி வராது எண்டுறதும் சரியில்ல. குட்டி போட்ட நாய்க்கும் வருது, போடாததுக்கும் வருது. அம்மம்மா சொல்லுற "வயித்துக் கட்டி" கன நேரம் கருப்பைக்குள்ள சீழ் கட்டுற வருத்தமா இரிக்கும். பயோமெட்ரா எண்டு சொல்லுற. ஒவ்வொரு ஹீட்டுக்கும் பிறகு, குட்டி தங்கினாலும் தங்காட்டியும், புரோஜெஸ்டரோன் எண்ட ஹோர்மோன் ரெண்டு மாசமளவு கூடித்தான் நிக்கும். அதால கருப்பைட உள்சுவர் தடிக்கும். வருசக்கணக்கா இது நடக்க நடக்க கிருமி போய்த் தங்கச் சுகம். சுவீடன்ல காப்புறுதி செஞ்ச நாய்களை வச்சுக் கணக்குப் பார்த்திரிக்காங்க. கருத்தடை செய்யாத பெட்டைகள்ல 10 வயசுக்குள்ள கிட்டத்தட்ட நாலுல ஒண்டுக்கு இது வந்திரிக்கு.

அம்மா: நாலில ஒன்டா

மருமகள்: ஓம் அம்மம்மா. அதால ஜூலிக்கு இப்ப யோசிக்க வேண்டியது குட்டியைப் பற்றி இல்ல, கருப்பையை எடுக்கிறதைப் பற்றி.

கத்தார் தம்பி: வெட்டுறதா? இந்த வயசுலயா?

செங்கலடி அத்தான்: பாருங்க. குட்டி போட வயசு கூடிட்டாம், ஒப்பரேசன் செய்ய மட்டும் வயசு காணுமாம்.

மருமகள்: அப்பா, திட்டம் போட்டு, ரத்தம் பார்த்து, ஈரல் கிட்னி எல்லாம் சரி எண்டு கண்டு, பகல்ல செய்யிற ஒப்பரேசன் ஒண்டு. ராவு ரெண்டு மணிக்குக் குட்டி வரமாட்டாமல் கிடக்கக்குள்ள செய்யிற சீசர் வேறொண்டு. ரெண்டையும் ஒண்டாக் கணக்குப் போடாதீங்க.

மருமகள்: ஜூலி இதுவரைக்கும் ஒருக்காவும் குட்டி போடல்ல. எட்டு வயசுல முதல் பிரசவம். இப்பிடிக் கிழட்டுத் தலைப்பிரசவத்துல கருப்பை களைச்சுப் போய் முக்காமலே நிண்டிரலாம். குட்டியும் ஏழு எட்டு எண்டு வராது, ஒண்டு ரெண்டோட நிண்டு போகலாம். ஒரே ஒரு குட்டி எண்டா அது இன்னும் கரைச்சல். ஒத்தைக் குட்டி நல்லாக் கொழுத்து வளர்ந்திரும், ஆனா பிரசவத்தைத் தொடக்குற சைகையை ஒழுங்காக் குடுக்காது. நாள் கடந்து குட்டி உள்ளுக்கே செத்துப் போறதும் இரிக்கு.

பெரியண்ணன்: அப்ப அத்தான் நினைக்கிற எட்டுக் குட்டிக் கணக்கு?

செங்கலடி அத்தான்: நான் ஒரு கணக்கும் நினைக்கல்ல.

அக்கா: காலண்டருக்குப் பின்னால எழுதி வச்சிரிக்கார். நான் பார்த்தன்.

பெரியண்ணன்: 😂😂 சரி, நான் மற்றப் பக்கத்தை எழுதுறன். ஸ்கேன். குட்டி எண்ண எக்ஸ்றே. தாய்க்கு ரெண்டு மாசம் நல்ல சாப்பாடு, பால் குடுக்கக்குள்ள அதைவிட ரெண்டு மூண்டு மடங்கு. குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி, எட்டுக் கிழமை மட்டும் தீன். சீசர் வந்தா அது தனி. கடுவன்காரருக்கு நல்ல குட்டி ஒண்டு. மிஞ்சினது ஒரு குட்டி எண்டா அதையும் அவர் கொண்டு போவார், நாங்க பில்லை வச்சிரிக்கலாம்.

லண்டன் சின்னம்மா: ஒரு விசயம் சொல்லட்டா? இங்க கென்னல் கிளப், தாய்க்கு எட்டு வயசு முடிஞ்ச பிறகு போட்ட குட்டியைப் பதியாது. அத்தானுக்குப் பேப்பர்தானே முக்கியம்.

செங்கலடி அத்தான்: அது லண்டன் சட்டம் சின்னம்மா. இஞ்ச கல்லடி.

லண்டன் சின்னம்மா: நாய்ட வயிறு எல்லா இடத்துலயும் ஒண்டுதானே மகன்.

காலை 10:25

நான்: மகள், ஒரு கேள்வி. இப்ப சோடி போட்டா குட்டி எப்ப வரும்?

மருமகள்: கிட்டத்தட்ட 63 நாள் மாமா. டிசம்பர் கடைசி.

நான்: அதைத்தான் நானும் எண்ணிப் பார்த்தன். நல்ல மாரி. போன முறை பின் வளவு முழுக்கத் தண்ணி, சமையல்கட்டுப் படி வரைக்கும் நிண்டது. குட்டிகளை எங்க வைக்கிற?

அக்கா: அம்மாட அறைக்குள்ள. வேற எங்க?

மருமகள்: பிறந்த குட்டிக்கு முதல் ரெண்டு கிழமை தண்ட உடம்புச் சூட்டைத் தானே வச்சிரிக்க ஏலா. ஈரமும் குளிரும் சரியான ஆபத்து. வெள்ளத்தண்ணியோட எலிக்காய்ச்சல் கிருமியும் வரும், அது நாய்க்கும் வாற வருத்தம்தான்.

பெரியண்ணன்: றோட்டும் யோசிக்கணும். இஞ்ச சீசருக்கு ஆள் அம்பிடாட்டிப் பேராதனைக்குத்தான் ஓடணும். செங்கலடியால ஏறி மகா ஓயா, மகியங்கனை எண்டு நாலு மணித்தியாலத்துக்குக் குறையாது. அதுவும் மழைக்குள்ள, ராவுல.

செங்கலடி அத்தான்: எல்லாரும் சேர்ந்து ஒரு பாவப்பட்ட நாயைப் படுக்கையில போட்டிட்டீங்க. ஊர்ல ஒவ்வொரு நாயும் மதகுக்குக் கீழ குட்டி போட்டிட்டு எழும்பிப் போகுது. ஆரு ஸ்கேன் எடுத்த?

மருமகள்: எழும்பிப் போறதுதான் உங்கட கண்ணுல படும் அப்பா. எழும்பாததை ஆரும் எண்ணுறதில்ல.

அம்மா: 🎤 குரல் பதிவு (0:52)

அக்கா: இதை எல்லாரும் கட்டாயம் கேளுங்க.

பெரியண்ணன்: கேட்டன். அம்மா இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?

கத்தார் தம்பி: எனக்கு இங்க சத்தம் கேட்க ஏலா. என்ன?

நான்: ஜூலி இப்ப விடிய எழும்பக்குள்ள பின்னங்கால் பிடிச்சு நிக்கிறாவாம். கொஞ்சம் நடந்தாப் பிறகு சரியாகுதாம். படியேற யோசிக்கிறாவாம். மழைக் குளிர் எண்டு அம்மா நல்லெண்ணெய் தேய்ச்சு விடுறா.

மருமகள்: அம்மம்மா!!! இதை முதல்லயே சொல்லியிரிந்தா இவ்வளவு எழுதியிரிக்கத் தேவையில்ல.

மருமகள்: லெப்ரடோருக்கு இடுப்புப் பூட்டுல வாற குறை பேர்போனது. பரம்பரையா வாறது. எக்ஸ்றே எடுத்துப் பார்க்காமல் அதுதான் எண்டு நான் சொல்ல ஏலா, வயசுக்கு வாற மூட்டுத் தேய்வாவும் இரிக்கலாம். ஆனா இப்பிடிக் காலோட குட்டி சுமந்தா பாரம் முழுக்க அந்த இடுப்புலதான். இடுப்புக் குறைதான் எண்டா, குட்டிகளுக்கும் அதைக் குடுத்து விட்டு, வாங்குற சனத்துட்டக் காசும் வாங்கப் போறம்.

செங்கலடி அத்தான்: சரி சரி. கால் கதை எனக்குத் தெரியா. தெரிஞ்சிரிந்தா நான் கதைச்சே இரிக்கமாட்டன்.

காலை 11:03

கத்தார் தம்பி: நான் ஒண்டு சொல்லட்டா. எல்லாரும் அத்தானைப் பேசுறீங்க. அவர்ட்டக் கடுவன் பார்க்கச் சொன்னது நான்தான்.

அக்கா: என்னது?

கத்தார் தம்பி: எனக்கு இன்னும் ரெண்டு வருசம் ஒப்பந்தம் இரிக்கு. நான் வரக்குள்ள அவவுக்குப் பத்து வயசு. இரிப்பாவோ தெரியா. அவட குட்டி ஒண்டாவது நிண்டா, வீட்டுக்கு வந்தா ஓடி வர ஒண்டு இரிக்கும் எண்டு நினைச்சன். காசுக்காக இல்ல.

நான்: விளங்குது தம்பி. ஆனா வாறது ஜூலி இல்ல. அந்தக் கடுவன்ட குணத்துல ஒண்டு வரும், ஆரெண்டு தெரியாத பாட்டன்ட குணத்துல ஒண்டு வரும். உன்னை ஒரு நாளும் காணாத நாய் அது. உன்னைக் கண்டா குரைக்கும்.

பெரியண்ணன்: பத்து வயசுல லெப்ரடோர் நிண்டுதான் இரிக்கும்டா. இப்பவே கொள்ளி வைக்காத. இப்ப அவ கொழுத்துப் போய் இரிக்கிறா, அதைக் குறைச்சாலே காலுக்கும் நல்லம், ஆயுசுக்கும் நல்லம்.

மருமகள்: பெரிய மாமா சொல்லுறது உண்மை சின்ன மாமா. சோத்தைக் குறைச்சு, மாரி பிஸ்கட்டை நிப்பாட்டினாலே பாதி வைத்தியம்.

அம்மா: பிஸ்கட் ஒன்டுதான் குடுக்கிற

அக்கா: ஒரு பக்கற்.

அம்மா: 🎤 குரல் பதிவு (2:31)

நான்: இதை நானே எழுதுறன், எல்லாரும் வாசிக்கணும். "குட்டி வேணுமெண்டு முதல்ல கேட்டது நானுந்தான். ராவுல நாய்க்குப் பக்கத்துல முழிச்சிரிக்கப் போறது ஆரு? நீங்க ஒருத்தரும் இஞ்ச இல்ல. எண்ட முழங்காலும் ஜூலிட காலும் ஒரே கதிதான். ரெண்டு கிழடும் சேர்ந்து எட்டுக் குட்டிக்கு மூத்திரம் துடைக்க ஏலா. தம்பிக்குக் குட்டி வேணுமெண்டா வந்து நிண்டு வளர்க்கட்டும். இஞ்ச கல்லடித் திருச்செந்தூர் கோயிலடியில ஒரு பெட்டை நாலு குட்டியோட கிடக்கு, அதுல ஒண்டைத் தூக்கினாலும் புண்ணியம். அது வேற கதை. இப்ப இவளுக்கு நோகாமல் இரிந்தாக் காணும்."

லண்டன் சின்னம்மா: எண்ட அக்கா, உங்கட அம்மா, சொன்னாச் சரி.

கத்தார் தம்பி: சரி அம்மா. ஒப்பரேசன் காசு நான் அனுப்புறன். எக்ஸ்றேக்கும் சேர்த்து.

பெரியண்ணன்: அதுல அரைவாசி எண்ட. எப்ப செய்யிற மகள்? நாளைக்கே கொண்டு போகட்டா?

மருமகள்: ஐயோ இல்ல பெரிய மாமா. ஹீட் நேரத்துல அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூட, வெட்டினா நிக்காமல் பாயும். ஹீட் முடிஞ்சு ரெண்டு மூண்டு மாசம் போகட்டும். தைப்பொங்கல் முடிய வச்சுக்கொள்ளுவம், நானும் லீவுல வருவன். இந்தக் கிழமை பின்னங்காலை மட்டும் ஒரு மிருக வைத்தியர்ட்டக் காட்டுங்க. முலைக்கட்டி இரிக்கா எண்டும் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. இந்த வயசுல கருப்பையை எடுத்தா சீழ் கட்டுறது நிக்கும், ஆனா முலைக்கட்டிக்குப் பெரிய பாதுகாப்பு இல்ல. அதுக்குச் சின்னதுலயே செஞ்சிரிக்கணும்.

மருமகள்: அதுவரைக்கும் அம்மம்மா ஒண்டு கவனிக்கணும். ஹீட் முடிஞ்சு ஒரு மாசத்துல இரிந்து ரெண்டு மாசத்துக்குள்ளதான் சீழ் கட்டுறது கூட வாற. தண்ணியைக் குடம் குடமாக் குடிச்சா, அடிக்கடி மூத்திரம் போனா, சாப்பிடாட்டி, சத்தி எடுத்தா, பின்னால சீழ் வடிஞ்சா உடன எனக்கு எடுங்க. சில நேரம் ஒண்டும் வடியாது, வயிறு மட்டும் ஊதும். அதுதான் இன்னும் மோசம். பொங்கல் மட்டும் பார்த்துக்கொண்டு இரிக்க ஏலா.

அம்மா: சரி மகள். எலுதி வைக்கிறன்

மருமகள்: இப்ப முக்கியம் கேற். இன்னும் ரெண்டு மூண்டு கிழமை சங்கிலியில்லாம வெளிய விடக் கூடாது. ரத்தம் குறைஞ்சாப் பிறகுதான் அவ கடுவனுக்கு நிப்பா, ரத்தம் நிண்டிட்டு எண்டு திறந்து விட்டிராதீங்க.

நான்: பின்னேரம் வாறன். கேற்றுக்குக் கீழ பலகை அடிச்சு விடுறன். வெள்ளையன் மண்ணைக் கிண்டித்தான் வைக்கிறான்.

பெரியண்ணன்: வெள்ளையனையும் பிடிச்சுக் கொண்டு போய் ஊசி போட்டு வெட்டி விட்டா அந்தத் தெருவுக்கே நிம்மதி.

அக்கா: அத்தான்தான் பிடிக்கணும். நல்ல சாதி பார்க்கிற ஆள்.

செங்கலடி அத்தான்: நக்கல் காணும். அந்தக் கூட்டாளிக்கு நான் இப்ப என்னத்தைச் சொல்லுற? மனுசன் வாற சனிக்கிழமை கடுவனைக் கொண்டு வாறன் எண்டு நிக்கிறார்.

பெரியண்ணன்: உள்ளதைச் சொல்லுங்க அத்தான். நாய்க்கு எட்டு வயசு, ஏலா எண்டு.

செங்கலடி அத்தான்: அதுதானே பிரச்சினை. அஞ்சு எண்டு சொல்லிட்டன்.

மருமகள்: அப்பா!!!