வயல் தண்ணீரால் டெங்கு வருமா? எதிர்வீட்டில் தகராறு

வரப்போரம்:
பாபநாசம் பக்கம் கிராமம். வீட்டை ஒட்டி 3 மா நிலம். குறுவைக்கு ஆடுதுறை 43 நெல் நட்டு 20 நாள் ஆகிறது. எதிர்வீட்டுப் பையனுக்கு டெங்கு என்று பரிசோதனையில் வந்துவிட்டது. "உன் வயலில் நிற்கிற தண்ணீர்தான் காரணம், வடித்துவிடு" என்கிறார் அவன் அப்பா. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் கண் பூத்துப்போகிறது, அதை வடிக்கவா? அந்தி சாய்ந்தால் வயலிலிருந்து கொசு படையெடுப்பது உண்மைதான், மறுக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
வடிக்காதீர்கள் ஐயா. 30 வருடம் சுகாதாரத் துறையில் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தவன் சொல்கிறேன். அந்தியில் வருவது கியூலெக்ஸ் என்ற கொசு வகை. அது கொண்டுவரக்கூடியது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொக்கிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் வைரஸை எடுத்து வரும். நம் நாட்டில் அந்த நோய் முதலில் தெரியவந்ததே 1955இல் வேலூர்ப் பக்கம்தான். ஆகவே வயல் கொசு யோக்கியம் என்று சொல்லவரவில்லை. ஆனால் இந்த வழக்கில் அது குற்றவாளி இல்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், வீட்டைச் சுற்றியே வாழும். சில நூறு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். கணக்குப் போடுங்கள்: கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல். அதற்கு முன், நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசுவின் உடலில் வைரஸ் பெருகி உமிழ்நீருக்கு வர 8 முதல் 12 நாள். அப்படியென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு முன் உங்கள் தெருவில் யாரோ காய்ச்சலோடு படுத்திருக்கிறார்கள். திருப்பூர், சென்னையிலிருந்து யாராவது வந்தார்களா?

மன்னார்குடி மருமகள்:
எனக்கு 2017இல் டெங்கு வந்து போனது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிறார் மாமியார். சரிதானா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
வந்த வகை மறுபடி வராது அம்மா. ஆனால் வைரஸ் 4 வகை. வேறு வகை நுழைந்தால், பழைய எதிர்ப்புப் பொருளே அதைக் கைப்பிடித்துச் செல்லுக்குள் அழைத்துப்போவது உண்டு. இரண்டாம் முறை கடுமையாவது அதனால்தான். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு ஆஸ்பிரின் கூடாது.

வரப்போரம்:
ஐயா, தெரு முழுக்கப் பார்த்துவிட்டு எங்கள் கொல்லைக்கு வந்தேன். கிரைண்டர் வந்த நாளிலிருந்து சும்மா கிடக்கும் ஆட்டுக்கல். குழியில் மழைத்தண்ணீர், என் நிழல் விழுந்ததும் புழுக்கள் நெளிந்துகொண்டு அடிக்குப் போயின. இறைத்துக் கொட்டிவிட்டேன். எதிர்வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
கொட்டினால் போதாது. குழியின் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தீர்களா? முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். தேய்த்துவிட்டு மணல் போட்டு நிரப்புங்கள்.