காரின் கண்ணாடி வாஷர் தண்ணீர் கூரையைத் தாண்டிப் பின்னால் நிற்கும் பைக் மேல் விழுகிறது: அமைப்பை எங்கிருந்து மாற்றுவது?

கிண்டி_மெக்:

கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்காக ஒரு ஹாட்ச்பேக் காரின் வாஷர் அமைப்பை, அதாவது கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் பீய்ச்சும் அமைப்பை, மாற்றி வடிவமைக்கிறோம். பிரச்சினை சென்னையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மத்திய கைலாஷ் மாதிரி சிக்னலில் பைக்குகள் பம்பரை ஒட்டி வந்து நிற்கும். கார்க்காரர் லீவரை இழுத்தால் சோப்புத் தண்ணீர் கூரையைத் தாண்டிப் பின்னால் இருப்பவர் முகத்தில் தெறிக்கும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி வைத்திருந்தால் நேராகக் கண்ணில்தான்.

வண்டி விவரம்: டேங்க் 2.5 லிட்டர். முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து ஒரே 12 வோல்ட் ரிவர்ஸ் பம்ப் (சுழலும் திசையைப் பொறுத்து முன்னுக்கோ பின்னுக்கோ தண்ணீர் அனுப்பும்). பானெட்டில் இரண்டு நாசில், ஒவ்வொன்றிலும் 0.8 மி.மீ. துளை இரண்டு. நாசிலில் அழுத்தம் சுமார் 1 பார். ஹோஸ் உள்விட்டம் 4 மி.மீ., முன் நாசில் வரை நீளம் 2 மீட்டர், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வு இல்லை. முன்கண்ணாடி கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வு, நீளம் 85 செ.மீ. நாசில், கண்ணாடியின் அடி விளிம்புக்கு 20 செ.மீ. முன்னால் இருக்கிறது.

யோசித்தவை மூன்று: அழுத்தத்தைப் பாதியாக்குவது, ஃப்ளூயிடிக் நாசில் போடுவது, பம்பை எலக்ட்ரானிக்ஸ் வைத்துக் கட்டுப்படுத்துவது. எதில் தொடங்கலாம்? பின்கண்ணாடி நாசிலும் சொட்டுகிறது.

நீர்த்தாரை:

அழுத்தத்தில் கை வைப்பதற்கு முன் கோணத்தைப் பாருங்கள். உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போடலாம். புவியீர்ப்பை இப்போதைக்கு விட்டுவிட்டால், தாரை 20 டிகிரியில் கிளம்பினால் கண்ணாடியின் அடியிலிருந்து கண்ணாடியோடு அளந்தால் 39 செ.மீ. மேலே படும். 22 டிகிரி என்றால் 54 செ.மீ., 24 டிகிரி என்றால் 78. 25 டிகிரிக்குப் போனால் 97 செ.மீ., அதாவது உங்கள் 85 செ.மீ. கண்ணாடியில் படாமலே கூரைக்கு மேல் போய்விடும். கீழே குறிவைத்தால் ஒரு டிகிரி பிசகுக்கு 8 செ.மீ. போகும், மேலே குறிவைத்தால் அதே ஒரு டிகிரிக்கு 19 செ.மீ. போகும். பானெட்டை ஓங்கி அடித்து மூடினாலே நாசில் ஒரு டிகிரி நகரும்.

அழுத்தத்தைப் பாதியாக்கினால் என்ன கிடைக்கும்? 1 பாரில் தாரையின் வேகம் நொடிக்கு 14 மீட்டர், 0.5 பாரில் 10 மீட்டர். மேலே குறிவைத்த தாரை அப்போது இன்னும் 19 செ.மீ. போல இறங்கும். ஏறக்குறைய ஒரு டிகிரி திருப்பினால் வரும் அதே பலன். அதற்காகக் கழுவும் விசையை விட்டுக்கொடுக்கிறீர்கள், ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று அந்த மெலிந்த தாரையைக் கண்ணாடியின் அடிக்கே தள்ளிவிடும்.

இன்னொன்று முக்கியம். தாரை கண்ணாடியில் 6 முதல் 10 டிகிரி சாய்வில்தான் மோதுகிறது. இவ்வளவு படுத்த கோணத்தில் மோதும் தண்ணீர் வேகத்தை இழப்பதே இல்லை. 98 சதவீதத்துக்கு மேல் அப்படியே கண்ணாடியோடு மேலே வழுக்கி ஓடும். கூரைக்கு மேல் பறப்பதில் பெரும்பங்கு இப்படி ஏறிவரும் தண்ணீர்தான். கீழ்ப்பாதியில் பட்டால் அது உரசி வேகம் குறைய மேலே அரை மீட்டர் கண்ணாடி மிச்சம் இருக்கும், மேல்பாதியும் தானாகவே நனையும். சர்வீஸ் கையேடுகள் பலவும் மேல்பகுதியில் குறிவைக்கச் சொல்வது நெடுஞ்சாலைக் காற்றைக் கணக்கில் வைத்து. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு 40 முதல் 45 செ.மீ. போதும், அதாவது 20-21 டிகிரி.

இந்தக் கணக்கில் முடிவு செய்வது நாசிலுக்கும் கண்ணாடித் தளத்துக்கும் உள்ள செங்குத்துத் தூரம். உங்கள் வண்டியில் அது 10 செ.மீ. நாசிலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நகர்த்தினால் தெறிப்பு குறையும் என்று தோன்றும். உண்மையில் கோணம் இன்னும் படுத்துப்போய், பிசகுக்கு இடமே இல்லாமல் போகும். நகர்த்துவதாக இருந்தால் முன்பக்கம் நகர்த்துங்கள், இல்லையென்றால் ஒரேயடியாக வைப்பர் கைக்கு மாற்றுங்கள்.

ஃப்ளூயிடிக் நாசில் நல்ல யோசனைதான். உள்ளே அசையும் பாகம் எதுவும் கிடையாது. தாரை தானே இடமும் வலமும் ஊசலாடி விசிறி போல விரியும். தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவுவதால் வழுக்கி ஏறும் வேகம் சீக்கிரம் அடங்கும். ஆனால் துளிகள் சிறியவை, காற்றுக்கு எளிதில் வளைந்து கொடுக்கும். விசிறியின் ஓரம் முன்கண்ணாடியின் பக்கத் தூணான ஏ பில்லரைத் தாண்டாதபடி பாருங்கள், தாண்டினால் பக்கத்து ஆட்டோவில் இருப்பவருக்கு அபிஷேகம்.

அம்பத்தூர் ஷெட்:

மேலே சார் சொன்ன கோணம் சரி. நாசில் சுத்தமாக இல்லையென்றால் அந்தக் கணக்கு எதுவும் நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க தம்பி. சென்னையில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஊற்றி ஊற்றித் துளை வாயில் வெள்ளையாக உப்பு படியும். அரைவட்டமாகப் படிந்தால் தாரை எதிர்ப்பக்கம் வளையும், இல்லாவிட்டால் வாயிலேயே உடைந்து சாரலாகும். அதனால் கோணம் திருப்புவதற்கு முன்னால் நாசிலைக் கழற்றி வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்க. பிறகு துளைப் பக்கமிருந்து உள்நோக்கிக் காற்று அடிக்கணும். ஹோஸ் பக்கமிருந்து அடித்தால் குப்பை துளையில் போய் இறுகும். தையல் ஊசியை விட்டுக் குடையக் கூடாது. பிளாஸ்டிக் துளையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தாரை இரண்டாகப் பிரியும். குண்டு போல் உருண்டு திரும்பும் நாசிலைத் திருப்ப முனை மழுங்கிய, துளையை விடச் சின்னதான குண்டூசி வேணும். லேசாக நுழைத்துத் திருப்புங்க, திணிக்காதீங்க.

டெஸ்ட் பண்ண எளிய வழி: வாஷர் தண்ணீரில் சொட்டு நீலம் கொஞ்சம் கலந்து, வெள்ளை சார்ட் பேப்பரைக் கூரையிலும், காருக்குப் பின்னால் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரத்திலும், வலது கதவுக்குப் பக்கத்திலும் வையுங்க. பைக்கில் உட்கார்ந்தவர் முகம் இருக்கும் உயரத்தில் ஒரு பேப்பர் கட்டாயம். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி மட்டும் லீவரை இழுத்து நீலப் புள்ளிகளைப் பாருங்க. பெரிய புள்ளியாக வரிசையாக விழுந்தால் தாரையே தாண்டுகிறது, கோணம் தப்பு. பொடிப்பொடியாகப் பரவலாக இருந்தால் சாரல். அழுத்தத்தையும் சோப்பையும் பாருங்க. வலது பக்கப் பேப்பரில் மட்டும் கோடு கோடாக இருந்தால் நாசில் மேல் குற்றமில்லை, வைப்பர் மேல் போய் நிற்கும் இடத்தில் பிளேடு வீசுகிறது.

காலையிலேயே முடிச்சிடுங்க, இல்லையென்றால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் செய்யுங்க. மதியம் கடல் காற்று கிளம்பிட்டால் பேப்பர் சொல்வதை நம்ப முடியாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துத்தான் டெஸ்ட். பேட்டரியில் மட்டும் 12.2 வோல்ட், ஆல்டர்னேட்டர் ஓடினால் 14. பம்ப் அழுத்தம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், அதனால் 30 சதவீதம் வித்தியாசம் வரும். ஆஃப் பண்ணி வைத்துச் சரி செய்த நாசில், ஓடும்போது தாண்டும். முடிந்ததும் நீலத்தைப் பெயின்ட் மேல் காய விடாதீங்க.

கிண்டி_மெக்:

மிக்க நன்றி. பேப்பரில் பார்த்ததும் கோணம்தான் முதல் காரணம் என்று தெரிந்துவிட்டது. 21 டிகிரிக்கு இறக்கிய பிறகு கூரைப் பேப்பரில் வரிசைப் புள்ளி இல்லை. வலது கதவுப் பேப்பரில் கோடுகள் இருக்கின்றன. லீவரை இரண்டு நொடி இழுத்தால் அதிகம், அரை நொடி என்றால் மிகக் குறைவு. அப்படியென்றால் அளவைக் கட்டுப்படுத்தத்தான் எலக்ட்ரானிக்ஸ் வேண்டுமா? ரிவர்ஸ் பம்பில் எப்படிச் செய்வது?

மின்கம்பி:

ஆமாம், அளவுதான். வைப்பர் துடைக்கும் பரப்பு 0.6 சதுர மீட்டர் என்று வையுங்கள். அதன் மேல் 0.025 மி.மீ. படலம் நிற்க 15 மி.லி. போதும். உங்கள் நான்கு துளைகளும் சேர்ந்து நொடிக்கு 20 மி.லி. விடுகின்றன. ஹோஸில் தண்ணீர் ஏற்கெனவே நிறைந்திருந்தால் இரண்டு நொடிக்கு 40 மி.லி. மிச்சம் 25 மி.லி.யைப் பிளேடு தள்ளிக்கொண்டு போய், வலது ஏ பில்லரில் திரும்பும் இடத்தில் உதறுகிறது.

ஓட்டுபவர் ஏன் இரண்டு நொடி இழுக்கிறார் என்று பாருங்கள். 4 மி.மீ. ஹோஸ், 2 மீட்டர்: உள்ளே பிடிப்பது 25 மி.லி. செக் வால்வு இல்லாததால் தண்ணீர் டேங்குக்கே இறங்கிவிடும். இழுத்ததும் ஹோஸ் நிரம்பவே ஒரு நொடி ஆகும். தண்ணீர் வரவில்லையே என்று அவர் இன்னும் இழுத்துப் பிடிப்பார். எனவே முதல் பாகம் செக் வால்வு. ஹோஸ் இரண்டு நாசிலுக்கும் பிரியும் ஒய் இணைப்புக்கு முன்னால், நாசிலுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், அம்புக்குறி நாசிலைப் பார்த்தபடி. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், 4 மி.மீ. ஹோஸுக்குப் பொருந்துகிறதா என்று ஹோஸ் துண்டைக் கையில் எடுத்துப் போய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

அதன் பிறகு டைமர். லீவரை எவ்வளவு நேரம் பிடித்தாலும் 0.4 நொடி தண்ணீர், ஒரு நொடி ஓய்வு, மறுபடி 0.4 நொடி, அத்தோடு நிற்க வேண்டும். மொத்தம் 16 மி.லி. சேறு அடித்திருந்தால் விட்டு மறுபடி இழுக்கட்டும். அந்த வழியை ஒருபோதும் அடைக்காதீர்கள், பார்வைதான் பாதுகாப்பு. வைப்பர் மெதுவான வேகத்திலேயே ஓடட்டும். வேக நிலையில் பிளேடு உதறுவது அதிகம்.

ரிவர்ஸ் பம்பில் லீவர் மின்முனையை மாற்றித்தான் முன், பின் தேர்வு செய்கிறது. மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்சை ஒற்றைப் பக்கமாக வைத்தால் ஒரு திசையில் அதன் உள் டையோடு வழியாகவே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். பம்புக்குப் போகும் இரண்டு கம்பியில் ஒன்றில் ரிலே காண்டாக்டைத் தொடராகப் போடுங்கள், அதற்குத் திசை முக்கியமில்லை. டைமருக்கு மின்சாரம் அதே இரண்டு கம்பியிலிருந்து நான்கு டையோடு பிரிட்ஜ் வழியாக எடுத்தால் எந்தப் பக்கம் இழுத்தாலும் வேலை செய்யும். மோட்டார் முனைகளில் சாதாரண டையோடு போடக் கூடாது. திசை மாறியதும் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். மின்னழுத்தம் திடீரென எகிறுவதை அடக்கும் இருதிசை டி.வி.எஸ். டையோடு போடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஃபியூஸின் அளவைக் கூட்ட வேண்டாம்.

அளவைக் குறைத்த பிறகு கண்ணாடி சுத்தமாகிறதா என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஐரோப்பாவில் 2022 வரை நடைமுறையில் இருந்த 1008/2010 விதி, ஓட்டுநரின் முக்கியப் பார்வைப் பகுதியில் 60 சதவீதமாவது தெளிய வேண்டும் என்றது, டேங்க் 1 லிட்டருக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. பொறியாளர் அமைப்பின் ஜே942 தரம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் இவற்றோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். நாசிலை அடைத்துவிட்டுப் பம்பை ஓட்டி எந்த இணைப்பும் கழன்று வராததையும் சோதியுங்கள்.

நீர்த்தாரை:

வைப்பர் கைக்கு மாற்றும் யோசனை இருந்தால், மெர்சிடிஸ் 2012 எஸ்.எல். காரிலும் சிட்ரோயன் 2014 சி4 காக்டஸிலும் வந்த அமைப்புகளைப் பாருங்கள். பிளேடுக்கு முன்னால் சில சென்டிமீட்டரில் தண்ணீர் விழுகிறது, உடனே பிளேடு வழித்துவிடுகிறது. காற்றில் தாரை பறக்கும் தூரமே கிடையாது. விலை, கை அசைவில் ஹோஸ் வளைந்து விரிசல் விடுவது, கை பாரம் கூடுவது ஆகியவைதான் இதன் பாதகங்கள்.

பின் நாசில் சொட்டுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முன்பக்கம் இழுக்கும்போது பின்னால் சொட்டினால், பம்பின் இரண்டு வாய்க்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சவ்வு சரியாக மூடவில்லை. பம்பை மாற்றுவதுதான் வழி. பின்பக்கம் இழுத்து விட்ட பிறகும் சொட்டினால், 4 மீட்டருக்கு மேல் ஓடும் மெல்லிய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பி, பிறகு மெல்லச் சுருங்குகிறது. கெட்டியான ஹோஸும் நாசிலை ஒட்டி ஒரு செக் வால்வும் போடுங்கள். பின்கண்ணாடிக்கு 4 மி.லி. போதும், எனவே டைமரில் பின்பக்கத்துக்குத் தனிக் கால அளவு வையுங்கள். பைக்கில் இருப்பவருக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இந்த நாசில்தான். தாரை வெளியே சாயாமல் கண்ணாடியை நோக்கிக் கீழே இறங்க வேண்டும்.

சாரலைப் பற்றி ஷெட் நண்பர் சொன்னதற்குக் கணக்கு இது: 1 மி.மீ. துளி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தரைக்கு வந்துவிடும். 0.1 மி.மீ. துளிக்கு அந்த வேகம் 0.3 மீட்டர்கூட இல்லை. கூரை உயரத்திலிருந்து இறங்க ஐந்து நொடி, அதற்குள் லேசான காற்றே பத்து மீட்டர் தள்ளும். சோப்பு, நீரின் பரப்பு இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குவதால் தாரை சிதறுவது கூடுகிறது. அழுத்தத்தை இரட்டித்தாலும் அதே விளைவு. ஆகவே பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டவே வேண்டாம். கண்ணாடி கழுவும் திரவமான ஸ்கிரீன்வாஷை லேபிளில் உள்ள அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

வெறும் தண்ணீரும் சரியில்லை. லீஜனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் வளரும், சென்னையில் வாஷர் டேங்க் வருடத்தில் பெரும்பாலும் அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. ஸ்கிரீன்வாஷ் கலக்காத தண்ணீருக்கும் லீஜனேர்ஸ் நுரையீரல் நோய்க்கும் தொடர்பு இருப்பதை 2010-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. நமக்குப் பனி இல்லை, மெத்தனால் கலந்த குளிர்நாட்டுத் திரவம் வாங்க வேண்டாம். அது விஷம், தெறிப்பது அடுத்தவர் கண்ணில்.

அம்பத்தூர் ஷெட்:

கலக்கும் தண்ணீர் பற்றி ஒரே வார்த்தை: டிஸ்டில்டு வாட்டர் சிறந்தது, வீட்டு ஆர்.ஓ. குடிநீரும் பரவாயில்லை. ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று டேங்கில் ஊற்றாதீங்க, உப்பு முழுக்க அதில்தான் இருக்கு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, தூசி உண்டு. துணியில் வடிகட்டி அன்றைக்கே ஸ்கிரீன்வாஷ் கலந்து ஊற்றலாம். டைமர் போட்ட பிறகு பம்ப் அடியில் இருக்கும் வலை ஃபில்டரையும் கழற்றிக் கழுவிடுங்க, பாதி அடைத்திருந்தால் 0.4 நொடியில் 8 மி.லி. வராது.