புதுப்பிப்பு: ஓடைக்கரைப் புதரை வெட்டவில்லை

ஓடையோரப் புதர்களை வழித்துவிட்டு வேலி போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்களே அதிகம். வேலியைக் கரையிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் போட்டு, இடையிலுள்ள புல்லையும் புதரையும் ஒரு பட்டையாக அப்படியே விட்டேன்.

நேற்றுப் பெருமழை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். உழுத பக்கத்திலிருந்து கலங்கி வந்த நீர் புல்லுக்குள் வேகம் குறைந்து, தூர்களுக்கிடையே விரல் கனத்துக்கு வண்டலை விட்டுப் போயிருக்கிறது. வேர்கள் கவ்விய கரை அப்படியே நிற்கிறது.

மாடுகள் இறங்கும் தடத்தில் மட்டும் புல் இல்லை. அங்கே நீர் ஒரே வாய்க்காலாகத் திரண்டு கரையை அரித்துவிட்டது. தவறு என்னுடையதுதான், பட்டை எவ்வளவு அகலமானாலும் இப்படி ஓர் ஓட்டை போதும். தடத்தை அடைத்துவிட்டு, மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியை மேட்டில் வைக்கப்போகிறேன். சரிவு கூடிய பக்கத்துக்கு 10 மீட்டர் போதாது என்றும் படுகிறது.